கூட நடந்த நட்சத்திரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா சொல்லச் சொல்ல, உன் அத்தைக்குப் புண் துடைத்துக் கட்ட வரும் நர்ஸம்மா எழுதும் கடிதம். "இங்கே எல்லோரும் நலம்" என்றுதான் முதலில் சொன்னேன். நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆகவே அந்த வரி வேண்டாம். இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூக்கம் வந்து, இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இது என்ன கடுதாசி என்று பயந்துவிடாதே. யாருக்கும் புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. போன வாரம் நீ கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் என்ன பண்ணட்டும் மாமா?" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லத் துப்பில்லாத கிழவன் என்று நீ நினைத்திருந்தால் தப்பில்லை. ஆனால் பதில் என் வாயில்தான் இருந்தது. என் காது விஷயம் உனக்குத் தெரியும். இரும்பு வார்க்கிற பவுண்டரியின் இரைச்சல் தின்றது போக மிச்சம்தான் எனக்கு. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும், போட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். உன் அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்ற தைரியத்தில்தான் நீ சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அந்தக் கேள்வியைக் கேட்ட நேரம் பார்த்து அவள் கை போர்வையை இழுத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் கிளினிக்குக்கே வந்துவிட்டேன். மத்தியானத்தில் இங்கே ஆள் வருவதில்லை. நர்ஸம்மா பஞ்சையும் கத்தரிக்கோலையும் ஒதுக்கி மேசையில் இடம் பண்ணியிருக்கிறார். "பெரியவரே, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, என் கை என்ன மெஷினா?" என்கிறார். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரலை வைக்கிறவன் நான். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு புள்ளியை நம் பையன் படம் பிடித்தான். அதன் எடை பதினொரு வியாழன் எடை என்று சொன்னான். ஆகவே அது கிரகம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நீ இத்தனை வருஷமாக வேறு வழியில் பார்த்துவந்த கணக்கு இப்போதுதான் முடிந்திருக்கிறது. அது முப்பது என்கிறது. பதிமூன்றைத் தாண்டினால் கிரகம் கிடையாதாம், பழுப்புக் குள்ளனாம். இதை நீ வெளியிட்டால், புருஷன் சொன்னது தப்பு என்று பெண்டாட்டி பேராலேயே வரும். அதுவும் அவன் போன எட்டாவது மாதத்தில். உன் ஆபீஸ் பெரியவர், "போனவர் பேரை இப்போ எதுக்கும்மா கலைக்கணும், கொஞ்ச நாள் போகட்டுமே" என்கிறார். கொஞ்ச நாள் போனால் வேறு யாராவது அதே கணக்கைப் போட்டு முந்திக்கொள்வார்கள். நீ எழுதி முடித்ததை அனுப்பவும் மாட்டாமல் கிழிக்கவும் மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறாய். சரிதானே?

எனக்கு ஒரு சந்தேகம். எடை கூடியிருக்கிறது என்கிறாய், பெயர் மட்டும் குள்ளன் என்கிறாய். இது எந்த ஊர் நியாயம்? ஒருத்தன் மூன்று மடங்கு கனத்துப் போனால் அவனைக் குள்ளன் என்று கூப்பிடுவார்களா? நர்ஸம்மாவும் சிரிக்கிறார். நட்சத்திரமாக ஆகப் பார்த்து ஆக முடியாமல் போனதால் அந்தப் பெயர் என்று நீ அன்றைக்கே சொன்னாய். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அதுவும் எனக்குக் கேட்டது. இரைச்சலில் வேலை செய்தவனுக்கு வார்த்தை தப்பிப் போகலாம், குரல் தப்பாது.

அந்தப் புள்ளி இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்கு முழுதாய்த் தெரியாது. அவன் போன் பண்ணி, "அப்பா, ஒரு கிரகத்தைப் புடிச்சுட்டேன்" என்றபோது உன் அத்தையின் தம்பி பக்கத்தில் இருந்தான். "ஏற்கெனவே இருக்கிற ஒன்பது கிரகம் என்னைப் படுத்துற பாடு பத்தாதுன்னு உன் பையன் புதுசா ஒண்ணு வேற புடிச்சிருக்கானா? விடச் சொல்லு மாமா" என்றான். தெருவெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்தவர்களே பிறகு ஒவ்வொருத்தராக வந்து சுவரில் மாட்டின படத்தைப் பார்த்தார்கள். கறுப்புக் காகிதத்தில் நடுவே ஒரு வட்ட மறைப்பு, ஓரத்தில் ஒரு புள்ளி. முடிதிருத்துபவர் மட்டும், "இதுதானா, நான் தூசின்னு துடைக்கப் பார்த்தேன்" என்றார். உன் அத்தை அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

அவன் இறந்த அந்த வாரத்திலேயே அத்தை குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள் அல்லவா. அன்றிலிருந்து அந்தப் படம் சுவரை விட்டு இறங்கி அவள் தலைமாட்டில் இருக்கிறது. விரலால் தடவித் தடவிப் புள்ளி இருந்த இடத்தில் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. நான் தினமும் துடைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் ஒவ்வொரு தடவை வாசற்படி ஏறும்போதும் முதல் வேலையாக உன் அத்தை அவன் மணிக்கட்டைப் பிடிப்பாள். கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றி ஒட்டிவிட்டால், "இளைச்சுட்டே" என்பாள். அவளுடைய தராசு அது. கடைசியாக அவனைப் பெட்டியில்தான் அனுப்பினார்கள். தொலைநோக்கி மலையிலிருந்து இறங்கும்போது வண்டி கவிழ்ந்த வளைவைப் பற்றி எல்லோரும் என்னிடம் சொன்னார்கள், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவளுக்குப் பிடித்துப் பார்க்க மணிக்கட்டு கிடைக்கவில்லை. ஒரு முனையைத் தூக்கினவன் நான். கனத்தைத் தூக்கியே காலம் தள்ளினவனுக்குத் தூக்கினதும் தெரிந்துவிடும். அந்தக் கனத்தில் முக்கால்வாசி மரம்.

நர்ஸம்மா கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். மேலே சொல்கிறேன்.

வெளிச்சத்தை வைத்து எப்படி எடை சொல்கிறாய் என்று நான் ஒரு தடவை அவனைக் கேட்டேன். "அப்பா, நம்ம பவுண்டரிக் குழியை நெனைச்சுக்கோ" என்றான். அவன் அதை உனக்குச் சொல்லியிருக்கிறானோ என்னவோ. பெரிய சாமான்களை நாங்கள் தரையில் குழி வெட்டி, மணலில் அச்சு செய்து, அதற்குள் வார்ப்போம். ஊற்றின பிறகு வெளியே தெரிவது வாய் மட்டும். தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம். உள்ளே இருப்பது ஒரு குடம் இரும்பா, ஒரு லாரி இரும்பா என்று அந்த வட்டத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஊற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிந்தால் சொல்லலாம். காலையில் ஊற்றினது மத்தியானத்துக்குள் மங்கிவிட்டால் அது சின்னது. நேற்று ஊற்றினது இன்றைக்கும் மங்கலாகச் சிவந்து கிடந்தால், அம்மாடி, அது யானை. "பிறந்த சூடு இன்னும் ஆறாத பிள்ளைகளைத்தான் நான் படம் புடிக்கிறேன், வயசு தெரிஞ்சா எடை தெரிஞ்சிடும்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு தூரம் போயும் இவன் நம் குழியை விடவில்லையே என்று.

அவன் அந்தக் குழியை ஏன் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். காலேஜ் லீவில் ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தான். அன்றைக்குக் காலையில் ஊற்றின வரிசைக்கு நடுவில் ஒரு குழி மட்டும் முந்தின நாள் சாயங்கால ஆட்கள் ஊற்றிவிட்டுப் போனது. காலை ஆட்களிடம் அவர்கள் சொல்லவில்லை. மணல் அச்சை உடைக்கிறவன், சொட்டை என்று கூப்பிடுவோமே, அவனை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பாடி எல்லோரையும் விரட்டினானே, அவன்தான். வரிசையைப் பார்த்தான், மங்கின வட்டத்தைப் பார்த்தான். "காலைல ஊத்தினது, சின்ன சாமான், இறுகிடுச்சு" என்று கடப்பாரையை இறக்கினான். மேல்தோல் உடைந்ததும் உள்ளேயிருந்து இரும்பு தண்ணீராகத் தெறித்தது. ஒரு கால்விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, "ஒரு விரல் குறைஞ்சதுக்குச் செருப்புக்கடைக்காரன் விலையைக் குறைப்பானா கேளு" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். நம் பையன் மட்டும் சிரிக்கவில்லை. தாழ்வாரத்தில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "ஏம்பா, வரிசைல இருந்துதுங்கிற ஒரே காரணத்துக்காக அதுவும் காலைல ஊத்தினதுன்னு எப்படிப்பா முடிவு பண்ணாங்க?" என்று கேட்டான்.

இப்போது நீ சொன்னதை நான் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறக்கும், பிறந்த பிறகும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகும், கூட்டத்தின் வயது தெரிந்தால் அதிலுள்ள ஒவ்வொன்றின் வயதும் தெரிந்த மாதிரி என்றாய். நம் பையனுடைய நட்சத்திரம் ஓர் இளவட்டக் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. ஆகவே அதுவும் இளசு, பக்கத்துப் புள்ளியும் இளசு, இளசாக இருந்தும் வெளிச்சம் இவ்வளவுதான் என்றால் எடை பதினொன்று என்று போட்டுவிட்டான். ஆனால் அது அந்தக் கூட்டத்தில் பிறந்ததே இல்லை, பத்து மடங்கு வயதானது, எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டு சும்மா கூட நடக்கிறது என்று நீ கண்டுபிடித்திருக்கிறாய். இத்தனை வயதாகியும் புள்ளியின் சூடு இன்னும் ஆறவில்லை என்றால் அது யானை.

அதே குழி அம்மா. அதே வரிசை. கண்ணால் பார்த்தவன், கேள்வி கேட்டவன், அவனே அதைச் செய்திருக்கிறான். போனை வைத்த பிறகு எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அட முட்டாப்பயலே, சொட்டை வேலையைப் பண்ணிட்டியேடா" என்று சொல்லி அவன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலக் கை எழுந்தது. எழுந்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணப் படத்தில் பின்வரிசையில் நீலச்சட்டை போட்ட ஒரு நெட்டை ஆள் இருக்கிறாரே, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் அவரைப் பெண் வீட்டார் என்று நினைத்தோம், உன் அப்பா அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து விழுந்து விழுந்து கவனித்தார். யாருக்கும் அவர் யாரென்று தெரியாது. பக்கத்து மண்டபத்துக்கு வந்தவர், சாப்பாடு நன்றாக இருந்ததால் இங்கேயே இருந்துவிட்டார் என்று நம் பையன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். படத்தில் நின்றவனெல்லாம் உறவு இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வரிசை என்பது கண்ணைக் கட்டிவிடும். அதற்காக அவன் கெட்டிக்காரன் இல்லை என்று ஆகிவிடாது. சொட்டையைப் போல மணல் உடைக்க இன்னொருவன் எங்களுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

கடைசியாக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தபோது, சமையலறையில் நின்று சண்டை போட்டீர்களே. அவன், "என் கணக்கு ஒரு படத்துல முடிஞ்சுடும், உன் கணக்கு முடியறதுக்குள்ள நமக்குப் பல்லு போயிடும்" என்றான். புள்ளி இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் எவ்வளவு அசைகிறது என்று பார்த்து, அந்த அசைவை வைத்துப் புள்ளியின் எடையைச் சொல்கிறவள் நீ. அசைவு தெரிய வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றாய். "பல்லு போனாலும் என் கணக்கு நிக்கும்" என்றாய். அவன் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "அப்படி நின்னா நானே மொத ஆளா ஊருக்கெல்லாம் சொல்றேன், என் பொண்டாட்டி என்னை ஜெயிச்சுட்டான்னு" என்றான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

அவன் சொல்வதாக ஒத்துக்கொண்ட வேலை அம்மா அது. இப்போது அவனால் முடியாது. நீ சொல்லிவிடு. முப்பது என்றால் முப்பது என்று எழுது. குள்ளன் என்றால் குள்ளன் என்று எழுது. எடையைக் கூட்டியும் குறைத்தும் சொல்கிற வீட்டில் அவன் பிறக்கவில்லை.

உன் வழி, பக்கத்தில் இருப்பது ஆடுகிற ஆட்டத்தை வைத்து எடையைச் சொல்கிற அந்த வழி, அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இந்த எட்டு மாதத்தில் நன்றாகப் புரிந்துவிட்டது.

அத்தைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். எழுத்து தெரியாத வீடு. நீ எந்தப் பத்திரிகையில் எழுதினாலும் இங்கே யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள்? அவளுக்கு அது கிரகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேசும்போது ஜாக்கிரதை.

நேற்று இதோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. காய்ச்சல்காரர் ஒருவர் வந்துவிட்டார். இன்று மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று கடைசியில் சொன்னதை அடித்துவிடச் சொன்னேன். நர்ஸம்மா, "இருக்கட்டும் பெரியவரே, அவங்களும் படிச்சுச் சிரிக்கட்டும்" என்கிறார்.

காலையில் உன் அத்தைக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். "நேத்து கிளினிக்ல அவ்வளவு நேரம் என்ன வேலை?" என்றாள். மாத்திரை வாங்கினேன் என்றேன். "மாத்திரை எங்கே?" என்றாள். நான் முழித்தேன். அப்புறம் அவள் சொன்னாள், "செவிடு உங்களுக்கா எனக்கா? போன்ல அவ பேசினது ஒண்ணு விடாம எனக்கும்தான் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டுக் கேக்குறா, நீங்க சாப்பிட்டியான்னு கேக்குறீங்க" என்று.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். தலைமாட்டுப் படத்தை எடுக்கச் சொல்லி வாங்கி, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எடை கூடிடுச்சுன்னுதானே சொன்னா?" ஆமாம் என்றேன். "அவ்வளவு கூடியிருக்கா?" ஏறக்குறைய மூன்று மடங்கு என்றேன். கண்ணாடி மங்கின இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு, "நல்லதுதானே. ஒவ்வொரு தடவையும் இளைச்சு இளைச்சுத்தானே வந்து நின்னான்" என்றாள்.

இதைச் சொன்னதும் நர்ஸம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். அதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "வீட்டு ஆள் சொன்னா அது திருத்தம், வெளியாள் சொன்னா அது கேலி. மத்தவன் வாயில விழறதுக்கு முன்னாடி அவளையே சொல்லச் சொல்லுங்க." உன் ஆபீஸ் பெரியவரிடம் இதைச் சொல். பையனைப் பெற்றவளே சொல்லிவிட்டாள் என்று சொல். படத்தை இறக்கிவிடட்டுமா என்று நான் கேட்டேன். "புள்ளி இருந்த இடத்துலதானே இருக்கு, எதுக்கு இறக்கணும்?" என்றாள்.

ஆகவே இன்றைக்கே அனுப்பிவிடு. அதில் அவன் பெயரை எழுதும்போது பேனா நின்றுவிட்டால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுது.

அன்றைக்குப் போனில் நீ இன்னொரு கேள்வியும் கேட்டாய். சாப்பிட்டியா என்று நான் கேட்டதற்கும் போனை வைத்ததற்கும் நடுவில், சின்னக் குரலில், "இனிமே நான் உங்களுக்கு யாரு மாமா?" என்றாய். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை உன் அத்தை இன்று காலையில் சொன்னாள். அதற்கு அவள் பதில் இது. யாரென்றே தெரியாத அந்த நீலச்சட்டைக்காரரையே இத்தனை வருஷமாகச் சுவரில் வைத்திருக்கிறோம். ஒரு நாளாவது வெட்டி எடுக்கத் தோன்றவில்லை. உன்னை எங்கே இறக்கி வைப்போம்? கூடப் பிறந்தால்தானா? நீ எந்தப் பக்கம் திரும்பிப் போனாலும், நாளைக்கு வேறு ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு போனாலும், அந்தப் படத்தில் உன் இடம் முன்வரிசைதான். இதை அத்தை சொன்னாள், நான் தலையாட்டினேன். நர்ஸம்மா சாட்சி.

முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதச் சொன்னேன். நர்ஸம்மா மறுபடியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே அந்த வரியும் வேண்டாம். சீக்கிரம் வா.

வேளைக்குச் சாப்பிடு. அத்தைக்கு இப்போது கையில் அவ்வளவு பலமில்லை, ஆனால் கட்டைவிரலும் நடுவிரலும் நன்றாக இருக்கின்றன. வாசற்படி ஏறினதும் உன் மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். அவை சுற்றி ஒட்டக்கூடாது.

இப்படிக்கு,
உன் அத்தையின் கை தொட்டுக் கொடுத்த காகிதத்தில் கட்டைவிரல் வைக்கும்
மாமா